சேறு இருந்தால்தான் பறவை வரும்: வாசகர் கேள்வி பதில்

சென்னை தொல்காப்பியப் பூங்காவில் தண்ணீர் ஓரமாக மண் நிறத்தில் ஒரு பறவை அசையாமல் நின்றது. எழும்பிப் பறந்ததும் வெள்ளையாகிவிட்டது. இரண்டும் ஒரே பறவைதானா?
*- வாசகி, மந்தைவெளி*

ஒரே பறவைதான், மடையான். அதன் இறக்கை எப்போதும் வெள்ளைதான்; உட்காரும்போது பழுப்பு முதுகிறகுகள் மூடிக்கொள்வதால் தெரிவதில்லை. இனப்பெருக்க காலத்தில் முதுகு கருஞ்சிவப்பாக மாறிவிடும், அப்போது வேறு பறவை என்றே நினைப்பீர்கள். பக்கத்தில் வெள்ளைக் கொக்கு ஏதாவது நின்றால் காலைக் கவனியுங்கள். அலகும் காலும் கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் அது சின்னக் கொக்கு. ஆழமில்லாத தண்ணீரில் ஒரு காலை முன்னே நீட்டி நடுக்கிக்கொண்டே நிற்கும். அடியில் பதுங்கிய மீன் கலைந்து ஓடுகிற நொடியில் கொத்திவிடும். மற்ற பறவைகளை விட்டுவிட்டு இதை மட்டும் கால் மணி நேரம் பாருங்கள்.

அடையாறு முகத்துவாரத்துக்கு விடியற்காலையிலேயே போகிறேன். ஒரு நாள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன, மறுவாரம் ஒன்றுமே இல்லை. ஏன்?
*- வாசகர், பெசன்ட் நகர்*

கடிகாரத்தைப் பார்த்துப் போகிறீர்கள், அங்கே பறவைகள் கடலைப் பார்த்து வருகின்றன. தோட்டத்துப் பறவைகளுக்கு விடியற்காலை சரி. உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரையோரப் பறவைகளுக்கு நேரம் முக்கியமில்லை, சேறு வெளியே தெரிய வேண்டும், அவ்வளவுதான். கடல் வற்றும்போது ஈரச் சேற்றில் புழு, சின்ன நண்டு, சிப்பி எல்லாம் எட்டும் தூரத்துக்கு வரும், பறவைகளும் இறங்கி மேயும். ஏற்றத்தில் தண்ணீர் மூடிவிட்டால் எங்காவது மேட்டில் ஒண்டி நிற்கும். ஒரு ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய 6 மணி நேரம். தினமும் கிட்டத்தட்ட 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நன்றாக வற்றும், அப்போது சேறும் அதிகம். கடல் ஏறி வற்றும் ஓத நேரம் போனிலேயே கிடைக்கிறது, அதைப் பார்த்துக் கிளம்புங்கள்.

இன்னொரு விஷயம், அடையாற்றின் வாயை அலை கொண்டுவரும் மணல் அடிக்கடி அடைத்துவிடுகிறது. மழைக்காலம் முடிந்து ஆற்றின் வேகம் குறைந்தால் மணல்திட்டு வளர்ந்து வாய் மூடிக்கொள்ளும். மூடினால் ஏற்றமும் வற்றமும் உள்ளே வராது, தண்ணீர் தேங்கும், சாக்கடையும் வெளியேறாது, மேய இடமில்லாமல் உள்ளான்கள் வேறு பக்கம் போய்விடும். அதனால் பறவை இல்லாத நாளில் முதலில் முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து வந்தவை இருக்கும். பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நடந்தால் உள்ளான். கொஞ்சம் ஓடி, சட்டென்று நின்று, மறுபடி ஓடினால் உப்புக்கொத்தி.

கரையோரம் ஒரு மரத்தின் இலையைக் கிள்ளினேன், பால் வடிந்தது. அது என்ன மரம்?
*- கல்லூரி மாணவர், திருவான்மியூர்*

உப்பங்கழி ஓரத்தில் நிற்கிற மரம் என்றால் பெரும்பாலும் தில்லையாக இருக்கும். பிச்சாவரத்திலும் உண்டு. அதன் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. இனி தயவுசெய்து கிள்ள வேண்டாம், கையை நன்றாகக் கழுவுங்கள். உதிரும் முன் சிவந்துபோகும் இலையை வைத்தே தூரத்திலிருந்து கண்டுகொள்ளலாம். அருகே வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் இருந்தால் குனிந்து பாருங்கள், மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல நிமிர்ந்து நிற்கும். வெயில் ஏறிய பிறகு அதன் இலைமேல் பொடிப்பொடியாக உப்பு மினுங்கும், வேர் வழியாக ஏறிய உப்பை இலை வெளியே தள்ளுகிறது. மணல் பக்கம் வந்தால் ஊதாப் பூவோடு அடம்புக் கொடியும், குத்துகிற இலையோடு ராவணன் மீசையும். இந்த இரண்டும்தான் மணலைப் பிடித்து வைக்கின்றன. களை என்று பிடுங்குகிறவர்களைப் பார்த்தால் எடுத்துச் சொல்லுங்கள்.

எங்கள் குடியிருப்பை ஒட்டிய கழிக்கரையைச் சுத்தம் செய்து புல்தரை, நடைபாதை போடலாம் என்று பேசுகிறோம். பறவைகளுக்கும் நல்லதுதானே?
*- குடியிருப்போர் சங்கத்தினர்*

குப்பையையும் பிளாஸ்டிக்கையும் எடுங்கள், அது பெரிய உதவி. சேற்றில் மண் கொட்டி மூடாதீர்கள். புல்தரையில் மைனா வரும், உண்ணிக்கொக்கு வரும். உள்ளானுக்கு அங்கே சாப்பிட ஒன்றுமில்லை. கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைத்தான் தோண்டி, நீர் தேங்க விட்டு, உள்ளூர் மரம் செடிகளை நட்டு, 2011ல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். முடிந்தால் சங்கத்தோடு ஒருமுறை போய்ப் பாருங்கள், அனுமதி விவரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நடைபாதை வேண்டுமானால் நீரிலிருந்து தள்ளி, நடுவே புதர் விட்டுப் போடுங்கள். அப்புறம், விளக்கு. கரையோரம் இரவு முழுக்க வெள்ளை விளக்கு எரியவே கூடாது. சீமைக்கருவேலம் இருந்தால் ஒரே நாளில் வெட்டித் தள்ள வேண்டாம், அதில் கூடு இருக்கலாம். கூடு இல்லாத காலமாகப் பார்த்து, பூவரசும் புன்னையும் வளர வளரக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

முதன்முதலாக பைனாகுலர் வாங்கப் போகிறேன். எது நல்லது?
*- வாசகி, மயிலாப்பூர்*

8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மி.மீ. அகலம். கழுத்தில் மாட்டி அரை மணி நேரம் கனம் தாங்குகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். கனமாகத் தோன்றினால் 8x32.