வீட்டிலேயே சாக்சபோன் ஒலிப்பதிவு: மலையக வாசிப்பாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மஸ்கெலியா: சேர், நான் ஆல்டோ சாக்சபோன் வாசிக்கிறேன். கையில் போன் மட்டும்தான் இருக்கிறது. மைக் வாங்கும்வரை பொறுத்திருக்க வேண்டுமா?

வேண்டாம், இன்றே தொடங்குங்கள். போனைப் பக்கத்தில் வைத்தால் ஒலி உடைந்துவிடும். ஓர் ஆள் நீளம் தள்ளி, நெஞ்சு உயரத்தில் நிறுத்துங்கள். ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி போனில் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். நீங்கள் பாடுபட்டு வாசித்த ஏற்ற இறக்கத்தை எல்லாம் அது தட்டையாக்கிவிடும்.

அட்டன்: மேடையில் பயன்படுத்தும் கிளிப் மைக்கை பெல்லில், அதாவது கருவியின் அகன்ற வாயில், மாட்டிப் பதிவு செய்தேன். சில சுரங்கள் இடிக்கின்றன, சில மெலிந்து கேட்கின்றன. மைக் பழுதா?

மைக்கில் குறையில்லை. எல்லாத் துளைகளும் மூடியிருக்கும் ஆகத் தாழ்ந்த சுரத்தில்தான் ஒலி முழுவதும் பெல் வழியாக வரும். விரல்களை எடுக்க எடுக்க, திறந்த துளைகள் வழியாகவே பெரும்பகுதி வெளியேறுகிறது. பெல்லுக்குள் காதை வைத்திருக்கும் மைக்குக்கு மற்றச் சுரங்கள் சரியாக எட்டுவதில்லை. மேடையில் நடந்து வாசிக்க அது தேவை. வீட்டில் மைக்கை ஸ்டாண்டில் பொருத்தி, 30 முதல் 50 சென்டிமீற்றர் தள்ளி, பெல்லின் விளிம்புக்கும் இடது கைக்கும் நடுவே பார்க்கும்படி வையுங்கள். கீழிருந்து மேல்வரை ஒரு சுரவரிசை வாசித்துக் கேளுங்கள். சுரங்கள் சமமாகும்வரை சிறிது சிறிதாக நகர்த்துங்கள். இதற்குச் செலவிடும் அரைமணி நேரம், விலை கூடிய மைக்கைவிடப் பெரிய பலன் தரும்.

தலவாக்கலை: எங்களுடையது லயன் காம்பரா, தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறை. சிமெந்துச் சுவர், தகரக் கூரை. குளியலறையில் வாசித்ததைப் போல எதிரொலிக்கிறது. முட்டை அட்டை ஒட்டினால் சரியாகுமா?

முட்டை அட்டையில் பயனில்லை, தம்பி. எதிரொலியை உறிஞ்சும் கனம் அதற்குக் கிடையாது. நம் வீடுகளில் கம்பளிக்குப் பஞ்சமில்லை. இரண்டு கனமான கம்பளிகளை உங்கள் முதுகுக்குப் பின்னால், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொடியில் தொங்கவிடுங்கள். மைக் உங்களைப் பார்த்து நிற்பதால், பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிதான் அதற்குள் நேராக நுழைகிறது. துணி நிறைந்த அலுமாரி இருந்தால் கதவைத் திறந்துவையுங்கள். மெத்தையைப் பக்கச் சுவரில் சாய்த்துவையுங்கள். மூலையில் நின்று வாசிக்காதீர்கள்.

தகரத்தில் விழும் மழைக்கு மட்டும் வழியில்லை. அந்த இரைச்சல் சாக்சபோனின் ஒலியோடு கலந்துவிட்டால், எந்த மென்பொருளும் காயப்படுத்தாமல் பிரித்துத் தராது. உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஜனவரி, பெப்ரவரி காலைப்பொழுதுகளை விட்டுவிடாதீர்கள். பதுளை, பண்டாரவளைக்காரர்களுக்கு ஆண்டின் நடுப்பகுதி நல்லது. பக்கத்துக் காம்பராவில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால், நேரத்தை முதலில் அவர்களிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

நுவரெலியா: பின்னணி இசையோடு வாசித்தால் சுருதி இறங்கியே நிற்கிறது. காது சரியில்லையோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் தங்கச்சி, குளிர்தான் காரணம். கருவிக்குள் இருக்கும் காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் குறைந்தால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் இறங்கும். 100 சென்ட் சேர்ந்தால் அரைச்சுரம். பதிவுக்கு முன் சில நிமிடங்கள் ஓசை எழுப்பாமல் வெதுவெதுப்பாக ஊதுங்கள், பிறகு வாசித்துச் சூடேற்றுங்கள். அதன் பின்னரே சுருதி காட்டும் ட்யூனரைப் பாருங்கள். இன்னும் இறங்கியிருந்தால் மவுத்பீஸைச் சற்று உள்ளே தள்ளுங்கள். இடையில் தேநீர் குடிக்கப் போனால், வந்ததும் மறுபடி சுருதி பாருங்கள்.

பண்டாரவளை: எந்த மைக் நல்லது, கண்டென்சரா, டைனமிக்கா?

காம்பராவில் பதிவு செய்வதென்றால் டைனமிக் என்பேன். ஷூர் எஸ்எம்57 போன்ற ஒன்று போதும்; கண்டென்சரைப் போல 48 வோல்ட் மின்சாரமும் கேட்காது. கண்டென்சர் நுணுக்கமானதுதான், ஆனால் அறையின் எதிரொலியையும் அடுத்த வீட்டு நாயையும் அதே நுணுக்கத்தோடு பிடிக்கும்.

ஹாலிஎல: ஒலியளவை எவ்வளவில் வைப்பது?

மிக உரத்த இடத்தை வாசித்துப் பாருங்கள். அப்போதும் பதிவு மென்பொருளின் ஒலியளவு முள் −10 டெசிபலைத் தாண்டக் கூடாது. மென்பொருளில் 24 பிட் தரத்தைத் தெரிவுசெய்து பதிவு செய்தால் அளவு குறைந்திருப்பதைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். உடைந்த ஒலியைத் திருத்த முடியாது.

பொகவந்தலாவை: பதிவு முழுக்க ஒரு ரீங்காரம் கேட்கிறது.

மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பட்டரியில் பதிவு செய்து பாருங்கள். ரீங்காரம் போய்விட்டால், வந்தது மின்கம்பியின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல். போகவில்லையென்றால் மைக் கம்பியை மாற்றிப் பாருங்கள்.