தொட்டிக்கரை: மஞ்சள் கோபி ஏன் இளைக்கிறது?

கேள்வி: அக்கா, கொளத்தூரில் இரண்டு மஞ்சள் கோபி வாங்கினேன். கடல் தொட்டி 120 லிட்டர். கோமாளி மீன் ஜோடியும் ஒரு டாம்செல் மீனும் ஏற்கெனவே இருக்கின்றன. காலையும் மாலையும் குருணைத் தீனி போடுகிறேன். கோபிகள் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை, வயிறு ஒட்டிவிட்டது. மருந்து ஊற்றலாமா?
– மடிப்பாக்கம் வாசகர்

பதில்: மருந்து பாட்டிலை முதலில் கீழே வையுங்கள் தம்பி. அதில் தாமிரம் இருந்தால் தொட்டியிலுள்ள நத்தை, இறால், பவளம் எல்லாம் போய்விடும். செதில் இல்லாத இந்த மீனுக்கும் அது ஆகாது. உங்கள் மீனுக்கு நோய் இருப்பதாகத் தெரியவில்லை. பசி.

நம்மூர் உளுவைக்குச் சொந்தம்தான் இது. ஆனால் வளர்ந்தாலும் மூன்றரை சென்டிமீட்டர்தான். கடலில் கிளைப் பவளத்தின் இடுக்கில் உட்கார்ந்தே காலத்தைக் கழிக்கும். நீரோட்டம் கொண்டுவரும் பொடிப் பொடி உயிர்களை வாய்க்கு எட்டும் தூரத்தில் கொத்தித் தின்னும். துரத்திப் பிடிக்கிற பழக்கமே கிடையாது. நீங்கள் போடும் குருணையை அது உணவென்று அடையாளம் காண்பதற்குள் டாம்செல் பந்தியை முடித்து இலையையும் எடுத்துவிடும்.

என் முதல் கோபி மூன்றே வாரத்தில் செத்தது. நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்ததை ‘சாது’ என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டினேன். பட்டினி கிடக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை.

அதன் பிறகு ஆர்டீமியா பொரிக்கக் கற்றுக்கொண்டேன். தூத்துக்குடி உப்பளங்களில்கூட இருக்கும் குட்டி இறால் இனம் அது. முட்டையை டப்பாவில் விற்கிறார்கள். குளிர்பான பாட்டிலின் அடியை வெட்டிவிட்டுத் தலைகீழாக நிறுத்துங்கள். ஒரு லிட்டர் நீருக்கு 25 கிராம் உப்பு, கால் டீஸ்பூன் முட்டை, காற்றுக் குழாய். ஒன்று, ஒன்றரை நாளில் ஆரஞ்சு நிறத்தில் நெளியும். காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும், குஞ்சு கீழே இறங்கும். குஞ்சை மட்டும் இறக்கி நல்ல நீரில் அலசிக்கொள்ளுங்கள்.

ஊட்டும் விதம்தான் முக்கியம். டாம்செலுக்கும் கோமாளிகளுக்கும் எதிர் மூலையில் குருணையைப் போட்டு அங்கே இழுத்துவிடுங்கள். அலை மோட்டாரைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் மெல்லிய குழாயைச் செருகி, கோபியின் மூக்குக்கு முன்னால் மெதுவாக விடுங்கள். பீய்ச்சினால் பயந்து ஒளிந்துகொள்ளும். தினம் மூன்று வேளை. ஒரு வாரம் போனதும் உறைந்த இறால் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். தலைக்குப் பின்னால் உள்ள குழிவு நிரம்பினால் பிழைத்தது என்று அர்த்தம்.

கேள்வி: அம்மா, கோபி உட்காரக் கிளைப் பவளம் வேண்டும் என்கிறார்கள். ஒருவர் ‘ரகசியமாகத் தருகிறேன்’ என்கிறார். வாங்கலாமா?
– நாகர்கோவில் வாசகி

பதில்: வேண்டாம்மா. ரகசியமாக என்று அவர் சொல்வதிலேயே விஷயம் இருக்கிறது. கல் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே பட்டியல். கடல் விசிறியும் அதில் உண்டு. செத்த வெள்ளைப் பவளம் என்றால் பரவாயில்லை என்று நினைத்துவிடாதீர்கள், அதை விற்பதும் குற்றம்தான். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவே பவளத்தை வண்டி வண்டியாக வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்த இடங்கள் இன்னும் முழுதாகத் தேறவில்லை.

கோபிக்குத் தேவை கிளை. அது உயிருள்ள கிளையாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. நான் குயவர் ஒருவரிடம் படம் வரைந்து கொடுத்து, மெருகு பூசாமல் சுட்டுத் தரச் சொன்னேன். ‘என்னம்மா இது, மான் கொம்பா?’ என்று சிரித்தார். கிளைகளுக்கு நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. இரண்டு வாரம் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்துத் தொட்டியில் இறக்கினேன். மறுநாளே கோபி குடியேறிவிட்டது. இப்போது பாசி படிந்து, பார்ப்பவர்கள் ‘நிஜமா?’ என்று கேட்கிறார்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் உரிய தாள்களுடன் வாங்கிய அக்ரோபோரா என்ற கிளைப் பவளம் வைத்திருக்கிறேன். கோபி ஜோடி ஒரு கிளையைச் சுற்றிக் கடித்து வெள்ளைப் பட்டையாக்கிவிட்டது. மீனை எடுத்துவிடவா?
– ஜூரோங் வாசகர்

பதில்: உற்றுப் பாருங்கள். பட்டையில் கடுகைவிடச் சின்னதாக முட்டைகள் ஒட்டியிருக்கலாம். முட்டை வைக்க அவை பவளத்தின் சதையை அப்படித்தான் கடித்துச் சுத்தம் செய்யும். ஆண் காவல் இருக்கும். உங்கள் பவளம் உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்ததென்றால் தாங்கிக்கொள்ளும். கட்டைவிரல் அளவுத் துண்டு என்றால் மீனை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

ஜோடி என்று பார்த்தா வாங்கினீர்கள்? இருக்காது. இந்த இனத்தில் ஏதாவது இரண்டைச் சேர்த்து விட்டால் போதும். இரண்டும் ஒரே பாலாக இருந்தால் சில வாரங்களில் ஒன்று மாறிக்கொள்ளும், ஆண் பெண்ணாகவோ பெண் ஆணாகவோ. வரன் தேடி இன்னொரு பவளத்துக்கு நீந்திப் போனால் வழியிலேயே யாராவது விழுங்கிவிடுவார்கள், அதனால் இந்த ஏற்பாடு.

கடிக்கிறது என்று கோபித்துக்கொள்கிறீர்களே, இன்னொன்றும் கேளுங்கள். ஃபிஜி தீவில் ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். நச்சுள்ள பச்சைப் பாசி அக்ரோபோராவை உரசினால் பவளம் ஒரு ரசாயன சமிக்ஞை விடுகிறது. கால் மணி நேரத்துக்குள் உங்கள் கோபியின் உறவுக்கார இனம் ஒன்று வந்து அந்தப் பாசியை வெட்டிவிடுகிறது. வாடகை பாக்கியில்லை.

கேள்வி: திருச்சி வெயிலில் கூலிங் இயந்திரம் கட்டாயமா?
– ஸ்ரீரங்கம் வாசகர்

பதில்: மே மாதத்தில், ஆமாம். நீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நீர்ப்பரப்பில் மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், சென்னையைவிட உங்கள் காய்ந்த ஊரில் நன்றாகவே குறையும். ஆனால் அறையே 36 டிகிரி என்றால் விசிறி என்ன செய்யும்? ஆவியாகிற அளவுக்கு ஆர்.ஓ. நீர்தான் ஊற்ற வேண்டும், உப்பு நீர் ஊற்றக்கூடாது. உப்பு ஆவியாகாது. கரண்ட் பில் பற்றி என் வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: கோபிக்கு விஷம் உண்டாமே?
– காரைக்கால் வாசகர்

பதில்: தோலில் சுரக்கும் வழவழப்பில் உண்டு. கசப்பு தாங்காமல் பெரிய மீன்கள் துப்பிவிடும். தொட்டியில் பயமில்லை. கடையிலிருந்து கொண்டுவரும்போது மட்டும் வேறு மீனோடு ஒரே பையில் போடச் சொல்லாதீர்கள். அந்தக் கொஞ்ச நீரில் மற்றது செத்துவிடும்.