அம்மப்பாவின் கத்தியைச் சாணை பிடிக்கலாமா?

கேள்வி: ஐயா, என் அம்மப்பா இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இராணுவத்துக்கு லொறி ஓட்டியவர். அவர் கொண்டுவந்த கத்தி எங்களிடம் இருக்கிறது. இருபுறமும் கூர், உலோகப் பிடி முழுக்க வளையம் வளையமாக வரி, தோல் உறை. 1990 இடப்பெயர்வில் அம்மம்மா அதைப் பழஞ்சேலையில் சுற்றிக் கொண்டுபோய்க் காப்பாற்றினார். இப்போது கறுத்து, அங்கங்கே துருப் பிடித்திருக்கிறது. பட்டறையில் கொடுத்துப் பளபளப்பாக்கலாமா?
– வாசகர், கல்லடி

பதில்: வேண்டாம் தம்பி. கொல்லன் பட்டறையில் வளர்ந்தவன் சொல்கிறேன், சாணைக்கல்லில் ஒருமுறை வைத்தால் போனது போனதுதான். தாக்கத்தியைத் தீட்டலாம், அது நாளைக்கு வயலுக்குப் போக வேண்டும். இதற்கு அந்த வேலை இல்லை.

நீங்கள் சொல்கிற அடையாளங்களைப் பார்த்தால் இது ஃபேர்பெர்ன்-சைக்ஸ் கத்தி, பிரிட்டிஷ் கமாண்டோ அதிரடிப் படையினருக்கென்று வந்தது. ஷாங்காய் பொலிசில் இருந்த இரண்டு பேர் வடிவமைத்தது, 1941-இல் இங்கிலாந்தில் வில்கின்சன் கம்பனி முதலில் செய்தது. வளைய வரிப் பிடி 1943 அளவில் வந்த மூன்றாவது வகை. அந்த வகையில் பல கத்திகளின் அலகைச் செய்யும்போதே கறுப்பாக்கி விட்டார்கள், ஆகவே எல்லாக் கறுப்பையும் அழுக்கென்று தேய்த்துவிடாதீர்கள். கைக்காப்பில், அதாவது பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள குறுக்குத் தகட்டில், அம்புக்குறியும் எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுச் சொத்தின் முத்திரை. போருக்குப் பிறகும் இதே வடிவில் கத்திகள் செய்தார்கள் என்பதால் அந்தக் குறி முக்கியம். சாணை முதலில் தின்பதும் இப்படிப்பட்ட குறிகளைத்தான்.

லொறிச் சாரதிக்கு இது எப்படிக் கிடைத்தது? 1944-இல் யாழ்ப்பாணத்துக் கடற்கோட்டைப் பக்கம் முகாம் போட்டு, பர்மாக் கரைக்குச் சிறு படகுகளில் போய் வேவு பார்த்த படையினர் இருந்தார்கள். அவர்களைப் போன்ற யாரோ கொடுத்திருக்கலாம், வேறு வழியாகவும் வந்திருக்கலாம். அம்மாவுக்குத் தெரிந்ததை இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அம்மம்மா எந்த ஊரில் இருந்து எந்த முகாமுக்கு இதைச் சுமந்தார் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அம்மப்பா கொண்டுவந்ததோடு இந்தக் கத்தியின் கதை முடியவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய நேரத்தில் இதையும் விடாமல் எடுத்தவர் அம்மம்மா. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

சரி, துருவுக்கு வருவோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, உங்கள் ஊரில் இரும்பு சும்மா இருக்காது. தையல் மெசின் எண்ணெயைச் செந்துரு மேல் விட்டு, ஒருநாள் ஊறவைத்து, பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். போகாத துரு இருக்கட்டும், சாண்ட்பேப்பர் கூடாது. தேங்காயெண்ணெயும் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். முக்கியமானது, கத்தியை உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், உள்ளேயே அரித்துவிடும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு துணியில் சுற்றி, உறையைப் பக்கத்தில் தனியாக வையுங்கள். வெறுங்கையால் தொட்டால் உடனே துடைத்து விடுங்கள், வியர்வையில் உப்பிருக்கிறது. மாரி காலத்தில் அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

நுனி மிகவும் மெல்லியது, அதைக் கொண்டு எதையும் நெம்ப விடாதீர்கள். அப்புறம், சொந்தக்காரருக்குக் காட்டவென்று பஸ்ஸில் எடுத்துக்கொண்டு திரிய வேண்டாம். இது குத்துவதற்கென்றே செய்த ஆயுதம், வழியில் சோதனை என்றால் விளக்கம் சொல்லி மாளாது. போட்டோ எடுத்து அனுப்புங்கள், கைக்காப்பு தெளிவாகத் தெரியட்டும்.