பேஸ் ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கர் பெட்டியையும் கிட்டார் கேபிளால் இணைக்கலாமா?

வேண்டாம். பார்க்க கிட்டார் கேபிளும் ஸ்பீக்கர் கேபிளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ரப்பர் உறையைச் சீவிப் பாருங்கள். கிட்டார் கேபிளில் நடுவே மெல்லிய ஒரு கம்பி, அதைச் சுற்றி இரைச்சலைத் தடுக்கும் வலை. ஸ்பீக்கர் கேபிளில் சம தடிமனில் இரண்டு செம்புக் கம்பிகள்.

500 வாட் ஆம்ப் 4 ஓம் பெட்டிக்கு முழுத் திறனில் தரும் மின்னோட்டம் சுமார் 11 ஆம்பியர். மெல்லிய கம்பி சூடாகும், உருகவும் கூடும். வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்பாக இருந்து, வாசிக்கும்போதே கம்பி அறுந்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போகலாம். அந்தச் செலவை நினைத்தால் கேபிள் விலை ஒன்றுமே இல்லை.

2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, முடிந்தவரை குட்டையாக வாங்குங்கள். ஆம்ப், பெட்டி இரண்டிலும் ஸ்பீக்கான் (ஸ்பீக்கர் இணைப்புக்கென்றே உள்ள செருகி) இருந்தால் அதையே போடுங்கள்: செருகித் திருகினால் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ளும், விரல் படும்படி உலோகமும் வெளியே தெரியாது. கால் அங்குல ஜாக் மட்டும்தான் என்றால், ஆம்பை அணைத்துவிட்டே செருகுங்கள்.