நார்வேக்கு எக்ஸ்சேஞ்ச் மாணவராகப் போகிறேன். அங்குள்ளவர்கள் யாரிடமும் ஒட்டமாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. நான் படித்தது ட்ரோன்ஹைமில். பஸ்ஸில் இரட்டை இருக்கையில் ஒருவர் இருந்தால், அடுத்து ஏறுபவர் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே வருவார். அது இளக்காரம் இல்லை. உங்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற மரியாதை.

அங்கே சும்மா உட்கார்ந்து பேசிப் பழக்கம் பிடிக்க முடியாது. சேர்ந்து ஏதாவது வேலை செய்ய வேண்டும். வசந்த காலத்தில் குடியிருப்பவர்கள் எல்லாம் கூடி வளாகத்தைச் சுத்தம் செய்யும் 'டூக்னாட்' நடக்கும். துடைப்பத்தோடு போய் நின்றால் போதும், அண்டை வீட்டார் பெயரெல்லாம் அன்றே தெரிந்துவிடும்.

ட்ரோன்ஹைம் என்றால் இன்னும் வசதி. 'சம்ஃபுண்டெ' என்ற சிவப்பு வட்டக் கட்டடத்தில் கச்சேரி, பார், மேடை விளக்கு எல்லாவற்றையும் சம்பளமில்லாமல் மாணவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். பல்கலையின் விளையாட்டுச் சங்கத்துக்குக் காட்டுக்குள் குடில்கள் உண்டு, வாடகை குறைவு. நான் போன குடிலில் கரண்ட் கிடையாது, விறகை நாமே பிளந்து அடுப்பு மூட்ட வேண்டும். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், கோடரியைக் கையில் கொடுத்ததும் நடுராத்திரி வரை நிறுத்தாமல் பேசினான்!

கூடாரம் இருந்தால் குடில்கூட வேண்டாம். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயிரிடாத திறந்தவெளியில் வீடுகளுக்கு 150 மீட்டராவது தள்ளி, யாரையும் கேட்காமல் இரண்டு இரவு தங்கலாம். பனிச்சறுக்குப் பலகை வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள், 'பூவா' நிலையங்களில் இலவசமாக இரவல் தருவார்கள்.

சாப்பாடு? வெளியில் சாப்பிட்டால் பர்ஸ் காலி. பேராசிரியரே ரொட்டியும் பழுப்புச் சீஸும் தாளில் மடித்துக் கொண்டுவருவார். (அவரைப் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள், 'சார்' என்றால் நெளிவார்.) அந்தச் சீஸ், லேசாக உப்புப் போட்டுத் தீய்த்த பால்கோவா மாதிரி. எனக்குப் பிடித்தது, அறைத்தோழனுக்கு வாசனையே ஆகாது. ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசி வாங்கி வையுங்கள்.

டிசம்பரில் வெயில் நாலரை மணி நேரம்தான், அதுவும் மேகம் விட்டால். அப்போது போய் ஆள் தேடினால் கஷ்டம். சங்கங்கள் ஆள் எடுப்பது செமஸ்டர் தொடங்கும் ஆகஸ்ட்டில், அதை விட்டால் ஜனவரியில். சில குழுக்களில் நார்வேஜிய மொழி கேட்பார்கள்; விளையாட்டுக் குழுக்களில் பெரும்பாலும் ஆங்கிலமே போதும்.