மகள் நிரலை அழித்துக்கொண்டே இருக்கிறார்: ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் இது: "கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் வெப்சைட், ஆப் என்று எதையாவது செய்து காட்டுகிறார்கள். என் மகள் மட்டும் யாரோ எழுதிய புரோகிராமை எடுத்து வைத்துக்கொண்டு அழித்துக்கொண்டே இருக்கிறாள். கேட்டால், கம்பைலரில் கோளாறு, அதைக் காட்ட புரோகிராமைச் சின்னதாக்குகிறேன் என்கிறாள். இதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?"

கொடுக்க ஆள் இருக்கிறது. ஆனால் அழித்து முடித்த பிறகு உங்கள் மகளுக்கு என்ன செய்யத் தெரிகிறது என்பதற்குத்தான் கொடுப்பார்கள். அதனால் அவர் செய்வது என்ன என்பதை முதலில் உங்களுக்கு விளக்கிவிடுகிறேன். வேலை, பிளேஸ்மென்ட், நீங்கள் கேட்ட கோர்ஸ் எல்லாம் அப்புறம்.

மனிதர் எழுதும் நிரலை, சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள்தான் கம்பைலர். போனில் ஓடும் ஆப் முதல் காரின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் சின்னப் பெட்டி வரை இதன் கை படாதது குறைவு. திறந்த மூல உலகில் பெரியவை இரண்டு. ஒன்று, 1987-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜிசிசி. இன்னொன்று, 2000-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னர் ஆராய்ச்சியாகத் தொடங்கிய எல்எல்விஎம். இரண்டின் மூல நிரலையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். இவையும் மனிதர்கள் எழுதியவைதானே, பிழை இல்லாமல் இருக்குமா? அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகக் குழு ஒன்று, சிஸ்மித் என்ற கருவியால் சி நிரல்களைக் கண்டபடி உற்பத்தி செய்து கம்பைலர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. மூன்று ஆண்டுகளில் அதுவரை யாருக்கும் தெரியாத 325-க்கும் மேற்பட்ட பிழைகள் சிக்கியதாக 2011-இல் அந்தக் குழு எழுதியது.

இந்தப் பிழைகளில் இரண்டு விதம் உண்டு. சில நேரம் கம்பைலரே பாதியில் விழுந்து, 'இன்டர்னல் கம்பைலர் எரர்' என்று சொல்லிவிடும். இது தேவலை. வேறு சில நேரம் எதுவும் சொல்லாமல் தப்பான கட்டளைகளைக் கொடுத்துவிடும். நிரல் எழுதியவர் தன் தப்பு என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொள்வார்.

எந்த விதமானாலும், பிழையைக் காட்டும் கோப்பு பெரும்பாலும் மிகப் பெரியதாக இருக்கும். சி++ மொழியில், ஏற்கெனவே எழுதி வைத்த நிரலை உள்ளே இழுத்துவரும் சாதாரணமான ஒரு ஹெடர் ஃபைலைச் சேர்த்தாலே உள்ளே பல்லாயிரம் வரிகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அத்தனையையும் அப்படியே அனுப்பி "விழுகிறது, பாருங்கள்" என்றால் கம்பைலர் எழுதுபவர்கள் பார்க்கமாட்டார்கள். அவர்களுக்கும் நேரம் இல்லை. எந்த நாலு வரியால் விழுகிறது என்று யாராவது பிரித்துக் கொடுக்க வேண்டும்.

நீங்கள் மின்வாரியத்தில் லைன்மேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இது உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஃபீடர் டிரிப் ஆனால், லைன் முழுவதையும் கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டு போவதற்கு முன் நடுவில் இருக்கும் ஏபி சுவிட்சைத் திறந்துவிட்டு சார்ஜ் செய்து பார்ப்பீர்கள். டிரிப் ஆகாமல் லைன் தாங்கினால் கோளாறு அந்தப் பக்கம், மறுபடி டிரிப் ஆனால் இந்தப் பக்கம். அப்புறம் அதிலும் பாதி. மகள் செய்வதும் இதுதான். அவருக்குக் கூடுதலாக ஒரு வம்பு மட்டும் உண்டு. மேலே ஒரு வரியும் கீழே ஒரு வரியும் சேர்ந்தால்தான் விழும் என்றால், எந்தப் பாதியைத் தனியாக வைத்தாலும் விழாது. அப்போது துண்டுகளை இன்னும் சிறிதாக்கி, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மிச்சத்தில் இன்னும் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

இதைக் கணினியே செய்யும்படி முறைப்படுத்தியவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் செல்லர். டெல்டா டீபக்கிங் என்று பெயர் வைத்து 1999-இல் அவர் வெளியிட்டார். 2002-இல் ரால்ஃப் ஹில்டெபிராண்டுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் வரும் உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு வலைப்பக்கத்தை பிரிண்ட் எடுக்கப் போனால் மொசில்லா பிரவுசர் விழுந்துவிடும். அந்தப் பக்கத்தில் 896 வரிகள். கருவி தானாகவே குறைத்துக்கொண்டு போய், கடைசியில் 'செலக்ட்' என்ற ஒற்றை எச்டிஎம்எல் குறியில் நின்றது. மிச்சம் எதற்கும் பிழையோடு சம்பந்தமே இல்லை. அந்தக் காலத்தில் மொசில்லா திட்டம் தன்னார்வலர்களைக் கூப்பிட்டு, குவிந்து கிடந்த பிழைப் புகார்களைக் கையாலேயே சுருக்கித் தரச் சொல்லிக்கொண்டிருந்தது.

சி, சி++ நிரல்களுக்கு வரிவரியாக வெட்டுவது மட்டும் போதாது. ஒரு அடைப்புக்குறி போனாலே நிரல் நிரலாக இருக்காது. 2012-இல் யூட்டாவின் ஜான் ரெகெரும் அவரது சகாக்களும் வெளியிட்ட சி-ரெட்யூஸ், மொழியின் இலக்கணம் தெரிந்து வெட்டும். ஒரு ஃபங்ஷனைப் பிரித்து அழைக்கும் இடத்திலேயே சேர்த்துவிடும், சிக்கலான டைப்பை எளிதாக்கும், பயன்படாத ஆர்குமென்டைத் தூக்கிவிடும். அப்போது கம்பைலர்காரர்கள் அதிகம் பயன்படுத்திவந்த கருவி தந்ததைவிடச் சராசரியாக 25 மடங்குக்கும் மேல் சிறிய நிரலை அது கொடுத்தது. இன்று இதன் பைத்தான் வடிவமான சிவைஸ் இருக்கிறது. எல்எல்விஎம் தனக்குள் இடையில் பயன்படுத்தும் உள்மொழிக்கு எல்எல்விஎம்-ரெட்யூஸ் இருக்கிறது.

கருவியே அழித்துவிடுகிறது என்றால் உங்கள் மகளுக்கு என்ன வேலை? இங்கேதான் விஷயமே இருக்கிறது. இனி வருவதை அவரிடம் நேராகக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பாப்பா, கருவியை ஓட்டத் தெரியும் என்பதற்காக யாரும் உன்னை வேலைக்கு எடுக்கமாட்டார்கள். அது அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளும் சமாச்சாரம். உன்னை எடை போடுவது, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கருவி ஓட்டிப் பார்ப்பதற்காக நீ எழுதித் தரும் அந்தச் சின்ன ஷெல் ஸ்கிரிப்ட்டை வைத்துத்தான். 'இன்னும் விழுகிறதா' என்ற ஒரே கேள்விக்கு அது பதில் சொல்ல வேண்டும், ஆம் என்றால் பூஜ்ஜியம் திருப்ப வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் 'கம்பைலர் விழுந்தால் போதும்' என்று மட்டும் எழுதினால், கருவி வெட்டிக்கொண்டே போகும்போது வழியில் வேறொரு பிழையில் தடுக்கி விழுந்து அதையே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நீ தேடிய பிழை போய்விடும். அதனால் அந்தக் குறிப்பிட்ட பிழைச் செய்தியே வருகிறதா என்று ஸ்கிரிப்ட்டில் தேட வேண்டும். வெட்டிய பிறகு முடிவில்லாத லூப் ஆகிவிடும் நிரல்களுக்காக டைம்-அவுட்டும் வைக்க வேண்டும்.

சத்தமில்லாத பிழைகளில்தான் உன் படிப்பு தெரியும். நிரலை வேகமாக்கும் ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஒரு விடை, அதைப் போட்டால் வேறு விடை, ஆகவே கம்பைலர் தப்பு என்று எழுதிவிடத் தோன்றும். கருவியோ ஒரு வேரியபிளுக்கு மதிப்பு கொடுக்கும் வரியையே அழித்திருக்கும். இரண்டு விடையும் வேறாகத்தான் இருக்கும், ஆனால் அது கம்பைலர் பிழை கிடையாது. சி மொழி அப்படிப்பட்ட நிரலுக்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. 'அன்டிஃபைன்ட் பிஹேவியர்' என்று இரண்டு வரியில் பதில் எழுதி உன் புகாரை மூடிவிடுவார்கள். ஸ்கிரிப்ட்டிலேயே எச்சரிக்கைகளை எல்லாம் இயக்கி, நிரல் ஓடும்போதே இப்படிப்பட்ட தப்புகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர், யூபி சானிடைசர் இரண்டிலும் ஓட்டிச் சுத்தமாக வந்தால்தான் ஏற்றுக்கொள் என்று எழுது. சானிடைசர்கள் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. மிஞ்சிய பத்து வரியை உன் கண்ணால் படித்து உறுதி செய்துகொள்.

அதற்கு அடுத்த படிக்கு நீ போயிருக்கிறாயா என்று உன் அப்பாவின் கடிதத்திலிருந்து தெரியவில்லை. கம்பைலரின் பழைய மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் போட்டு எந்த மாற்றத்தால் பிழை வந்தது என்று கண்டுபிடி. ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் சுமார் பத்துச் சோதனையில் ஆளைப் பிடித்துவிடலாம். எல்எல்விஎம் என்றால், ஆப்ட்-பைசெக்ட்-லிமிட் வசதியால் எந்தப் பாஸில் (கம்பைலர் நிரலை மாற்றும் படிகளில் எதில்) நிரல் கெட்டது என்று பார். ஏற்கெனவே யாராவது புகார் கொடுத்திருக்கிறார்களா என்று தேடு. சுருக்குவதில் இது ஒரு பெரிய லாபம்: பார்வைக்கு வேறு வேறாகத் தெரியும் பல புகார்கள், சுருக்கிய பிறகு ஒரே முகமாக இருக்கும். அப்புறம் திருத்தம். முதல் முறையே பெரிய திருத்தம் வராது, பரவாயில்லை. யாரோ ஒருவர் செய்யும் திருத்தத்தோடு நீ சுருக்கித் தந்த நிரல், அதே பிழை திரும்ப வராமல் காக்கும் ரெக்ரஷன் டெஸ்ட்டாகச் சேர்ந்தால் அதுவே நல்ல தொடக்கம். எல்எல்விஎம்-இன் கிட்ஹப் பக்கத்தில் புதியவர்களுக்கென்று 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்று குறித்து வைத்திருப்பவற்றிலிருந்து எடு. ஜிசிசி என்றால் அவர்களுடைய பிழைப் பதிவுத் தளமான பக்ஸில்லாவில் தேடு.

சரி, மறுபடியும் உங்களிடம் வருகிறேன் ஐயா. வேலை எங்கே இருக்கிறது? சிப் செய்யும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தன் சிப்புக்கு ஏற்ற கம்பைலர் வேண்டும், இல்லாவிட்டால் சிப்பை யாரும் பயன்படுத்த முடியாது. அதனால் குவால்காம், ஏஎம்டி, என்விடியா, இன்டெல், ஆர்ம் போன்றவை கம்பைலர் ஆட்களை வைத்திருக்கின்றன. நம் பக்கத்தில் தேட வேண்டிய ஊர்கள் முதலில் பெங்களூரு, அடுத்து ஹைதராபாத். ஏஐ வந்து இந்த வேலையை எடுத்துவிடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். ஏஐ மாடல்களை ஓட்டும் சிப்புகளுக்கே புதிது புதிதாகக் கம்பைலர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். இந்தத் திறமைக்குக் கம்பைலருக்கு வெளியேயும் மதிப்பு உண்டு. டேட்டாபேஸ், பிரவுசர், பாதுகாப்புச் சோதனை என்று எங்கே தானியங்கியாகப் பிழை தேடுகிறார்களோ அங்கெல்லாம் சுருக்குபவர் தேவை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த இடங்கள் எண்ணிக்கையில் குறைவு. மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளின் கேம்பஸுக்கு இந்தக் குழுக்கள் வருவது அபூர்வம். வருவது பெரும்பாலும் சர்வீஸ் கம்பெனிகள்தான், அவர்கள் ஆப்டிட்யூட்டும் சாதாரண கோடிங்கும் பார்ப்பார்கள், கம்பைலர் என்ற வார்த்தையே வராமல் இன்டர்வியூ முடிந்துவிடும். ஆகவே கேம்பஸில் உட்காரவே மாட்டேன் என்று மகள் சொன்னால் நான் உங்கள் பக்கம். அதில் ஒரு வேலை ஆர்டரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, வெளியே தனியாக விண்ணப்பிக்கட்டும். ஒரு பாடம் அரியர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வரும் செமஸ்டரிலேயே அதை முடித்தாக வேண்டும். 'ஸ்டாண்டிங் அரியர் இருக்கக் கூடாது' என்ற வடிகட்டியில் சிக்கினால், எத்தனை நல்ல பிழைப் புகார் எழுதியிருந்தாலும் ரெஸ்யூமேயை யாரும் திறக்கமாட்டார்கள். சிஜிபிஏ 7.4 என்பது கவலைப்பட வேண்டிய எண் கிடையாது.

தனியாக விண்ணப்பிக்கும்போது அவர் கையில் இருப்பது வலுவான சரக்கு. "இந்தப் பிழையை நான் சுருக்கினேன், இந்தப் பாஸில்தான் கோளாறு என்று காட்டினேன், இதோ அவர்கள் ஏற்றுக்கொண்ட பதிவு" என்று இணைப்போடு காட்டலாம். புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிய ஃபைனல் இயர் புராஜெக்ட்டுகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன ஒருவருக்கு இது கண்ணில் படாமல் போகாது. கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் ஜிசிசி, எல்எல்விஎம் இரண்டுமே பல ஆண்டுகளாகப் பங்கேற்றுவருகின்றன. தேர்வானால் உதவித்தொகையும் உண்டு. விண்ணப்பம் போடுவதற்குச் சில மாதங்கள் முன்பே அந்தக் குழுவில் முகம் தெரிந்திருக்க வேண்டும், கடைசி வாரத்தில் போய் நின்றால் நடக்காது.

மேற்படிப்பு என்றால், கேட் தேர்வின் பாடத்திட்டத்திலேயே கம்பைலர் டிசைன் இருக்கிறது. சென்னை, ஹைதராபாத், மும்பை ஐஐடிகளில் கம்பைலர் ஆராய்ச்சி நடக்கிறது. மும்பையில் ஜிசிசிக்கென்றே ஒரு மையம் செயல்பட்டிருக்கிறது. கேட் மதிப்பெண்ணோடு எம்டெக் சேர்ந்தால் மாத உதவித்தொகை கிடைக்கும். ஐஐடிகள் நடத்தும் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் கம்பைலர் பாடங்கள் இலவசம், அதைத் தொடங்க எந்தத் தேர்வுக்கும் காத்திருக்க வேண்டாம். சி++ மொழியும் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சரும் அழுத்தமாகத் தெரியாமல் இந்தத் துறையில் ஓர் அடி நகர முடியாது, அவருடைய நேரம் முதலில் அங்கே போகட்டும்.

கடைசியாகப் பணம். ஒன்றரை லட்சம் ரூபாய் ஃபுல் ஸ்டாக் கோர்ஸில் சேர்ப்பதா, மகள் கேட்கும் லேப்டாப்பை வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். கோர்ஸ் வேண்டாம். அவருக்கு அதில் ஆர்வம் இல்லை என்பது ஒரு காரணம். அங்கே சொல்லித் தருவதில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது என்பது இன்னொன்று. லேப்டாப் விஷயத்தில் அவர் கேட்பது நியாயம், ஆனால் புதிதுதான் வேண்டும் என்பதில்லை. இப்போதிருக்கும் 8 ஜிபி ராம் எல்எல்விஎம்-ஐ மூல நிரலிலிருந்து முழுதாகக் கட்ட மிகவும் திணறும். காலி ஸ்லாட் இருந்தால் இன்னொரு 8 ஜிபி போட்டு 16 ஆக்குங்கள், எஸ்எஸ்டியில் 100 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். பிழை தேட உதவும் கூடுதல் தகவலோடு டீபக் பில்டாகக் கட்டினால், துண்டுகளை ஒன்றாக இணைக்கும் (லிங்க் செய்யும்) நேரத்தில் அந்த 16-ம் போதாது. அசெர்ஷன்களை இயக்கிய ரிலீஸ் பில்டாக, ஒரு நேரத்தில் ஒரே ஒரு லிங்க் வேலை என்று கட்டுப்படுத்திக் கட்டச் சொல்லுங்கள். ஸ்லாட்டே இல்லாத மாடல் என்று கடைக்காரர் சொன்னால், அப்போது புதியதைப் பற்றி யோசிக்கலாம். மாடல் எண்ணை எனக்கு எழுதுங்கள்.