லூப்பை விட்டு வெளியே வரும்போது டிராம் ஏன் நின்றுபோகிறது?

கேள்வி: 8 அடிக்கு 4 அடி பலகையில் எச்ஓ அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) ஒரு மாதிரி டிராம் பாதை போட்டிருக்கிறேன். நடுவில் ஒற்றைப் பாதை. வண்டி சுற்றித் திரும்ப இரண்டு கோடியிலும் ஒவ்வொரு லூப். லூப்புக்குள் நன்றாகத்தான் போகிறது. சுற்றிவிட்டு வெளியே வரும் இடத்தில் சக்கரத்தடியில் பொறி தட்டி, அடாப்டர் அணைந்துவிடுகிறது. விற்றவர் கொடுத்த பிளாஸ்டிக் இணைப்புகளை அந்த இடத்தில் போட்டிருக்கிறேன். இப்போது அவர், வண்டிக்குள் சிப் வைத்து ஓட்டும் டிஜிட்டல் சிஸ்டத்துக்கு மாறினால்தான் தீரும் என்று 32,000 ரூபாய்க்குப் பட்டியல் தருகிறார். வேறு வழியே இல்லையா? (கோவை வாசகர்)

பதில்: இருக்கிறது. பட்டியலை மடித்து டிராயரில் போடுங்கள்.

முதலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மின்சாரத்தை அணைத்துவிட்டு, நடுப்பாதையின் இடது தண்டவாளத்தில் விரலை வையுங்கள். விரலை எடுக்காமல் அப்படியே நகர்த்தி லூப்பை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். திரும்பி வரும்போது விரல் நடுப்பாதையின் வலது தண்டவாளத்தில் வந்து நிற்கும். அதாவது பிளஸ் போய் மைனஸில் முட்டுகிறது. அந்த இடத்தில்தான் நீங்கள் பிளாஸ்டிக் இணைப்பு போட்டிருக்கிறீர்கள். அதனால் வெறும் தண்டவாளத்தில் ஷார்ட் இல்லை. ஆனால் வண்டியின் உலோகச் சக்கரம் அந்த இடைவெளியைத் தாண்டும்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தொடுகிறது. பொறி வருவது அங்கேதான். வண்டியிலும் கோளாறு இல்லை, அடாப்டரிலும் இல்லை.

இதற்கு மருந்து மிகப் பழையது. லூப்பைத் தனித்தீவாக்க வேண்டும். பாதை இரண்டாகப் பிரியும் பாயிண்ட்டைத் தாண்டியதும் வண்டி உள்ளே போகும் கிளையில் இரண்டு பிளாஸ்டிக் இணைப்பு, வெளியே வரும் கிளையில் இரண்டு. ஒரு லூப்புக்கு நான்கு, மொத்தம் எட்டு. உங்களுக்குப் பாதிதான் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரருக்கே தெரியாமல் கொடுத்தாரா, தெரிந்தே கொடுத்தாரா என்பதை உங்கள் யோசனைக்கே விடுகிறேன்.

அப்புறம், இரண்டு லூப்புகளுக்கும் வேகம் மாற்றும் கன்ட்ரோலரிலிருந்து நேராக ஒயர் இழுங்கள். அங்கே பிளஸ், மைனஸ் எப்போதும் மாறாது. வண்டி எப்போதும் ஒரே திசையில்தான் சுற்றும். எதிர்த்திசையில் சுற்றினால் அந்த லூப்பின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் போடுங்கள், சரியாகிவிடும். நடுப்பாதைக்கு மட்டும் ஒரு டிபிடிடி டாகிள் சுவிட்ச் வழியாக மின்சாரம் போகட்டும். ஆறு கால் உள்ள சுவிட்ச், ஒரே தட்டில் பிளஸ், மைனஸை இடம் மாற்றும். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். நடுக்கால்கள் இரண்டும் தண்டவாளத்துக்கு. ஓரத்தில் உள்ள ஒரு ஜோடிக் கால்களில் கன்ட்ரோலர் ஒயர். அந்த ஜோடியிலிருந்து எதிர் ஓர ஜோடிக்கு இரண்டு துண்டு ஒயர், குறுக்கும் மறுக்குமாக. அவ்வளவுதான்.

ஓட்டும் முறை இது: வண்டி முழுதும் லூப்புக்குள் போனதும் டாகிளைத் தட்டுங்கள், பாயிண்ட்டையும் மாற்றுங்கள். வண்டி நிற்காது, தடுமாறாது. உள்ளே அதன் மின்சாரம் மாறவில்லையே. வெளியே வரும்போது நடுப்பாதை அதற்கு ஏற்றபடி மாறியிருக்கும். கன்ட்ரோலரிலேயே முன்னே பின்னே போகும் சுவிட்ச் இருந்தால் அதை ஒரு பக்கமாக வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டினால் குழப்பம்தான் மிஞ்சும்.

இதில் ஒரே ஒரு இடத்தில் ஏமாறலாம். ‘வண்டி முழுதும்’ என்று சொன்னேன் அல்லவா? உங்களிடம் இருப்பது ஒற்றை வண்டி என்றால் கவலையே இல்லை. ஆனால் கொல்கத்தா டிராம் போல இரண்டு பெட்டி சேர்ந்தது என்றால் கணக்கு வேறு. முதல் சக்கரத்திலிருந்து கடைசிச் சக்கரம் வரை அளந்து பாருங்கள். தனித்தீவான பகுதி அதைவிட நீளமாக இருந்தே ஆக வேண்டும். வண்டியின் பின்சக்கரம் உள்ளே வரும் இடைவெளியில் நிற்கும்போதே நீங்கள் டாகிளைத் தட்டினால் ஷார்ட்; தட்டத் தாமதித்து முன்சக்கரம் வெளியே போகும் இடைவெளியைத் தொட்டுவிட்டாலும் ஷார்ட். வால்பெட்டியில் மோட்டார் இல்லை, அது எண்ணிக்கையில் வராது என்று நினைக்காதீர்கள். மின்சாரம் எடுக்காத வெறும் உலோகச் சக்கரம்கூட இடைவெளியைத் தாண்டும் நொடியில் இரண்டு பக்கத்தையும் இணைக்கும். பெட்டிக்குள் விளக்கு எரிய முன்னும் பின்னும் மின்சாரம் எடுக்கும் வண்டி இன்னும் மோசம். அது தன் முழு நீளத்துக்கும் பாலம் போட்டுவிடும். வால்பெட்டிக்குப் பிளாஸ்டிக் சக்கரம் மாட்டினால் அந்தத் தொல்லை குறையும், ஆனால் தண்டவாளத்தில் அழுக்கு சீக்கிரம் படியும். நீங்கள் சாதாரண செட் டிராக்கின் (துண்டு துண்டாக, அளவு மாறாமல் வரும் தண்டவாளம்) சிறிய வளைவை, அதாவது 371 மில்லிமீட்டர் ஆரத்தைப் போட்டிருந்தால் லூப் இரண்டு மீட்டர் அளவுக்கு வரும், தட்டுவதற்கு நேரம் தாராளம். நிஜ டிராமைப் போலக் கெட்டியாக வளைக்க ஆசைப்பட்டு 140 மில்லிமீட்டருக்கு இறங்கினால் லூப்பும் முக்கால் மீட்டரில் ஓடி முடிந்துவிடும். டாகிளில் கை வைத்தபடியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இனி அந்த 32,000 ரூபாய். டிஜிட்டல் மட்டமான சரக்கு இல்லை. ஆனால் ஒரு வண்டி, இரண்டு லூப் உள்ள பலகைக்கு அதை விற்பது வியாபாரம், வைத்தியம் அல்ல. அந்தத் தொகையில் சரக்கின் விலை எவ்வளவு, வரி எவ்வளவு என்று கேளுங்கள். நம் அரசாங்கக் கணக்கில் சிறு அளவு மாதிரி ரயிலும் பொம்மைதான். பொம்மைக்கான சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. உள்ளூர் பொம்மைத் தொழிலைக் காப்பாற்றவாம். உள்ளூரில் பெரிதாக யாரும் செய்யாத டிராமுக்கும் அதே கத்தி. இதைக் கேட்க ஆளில்லை.

இந்த ஓட்டைக்குள் புகுந்து விளையாடும் ஏஜெண்ட்டுகள் இருக்கிறார்கள். ‘கிஃப்ட் என்று எழுதி அனுப்பச் சொல்கிறேன், வரி வராது’ என்பார்கள். நம்பாதீர்கள். 2019 டிசம்பரிலிருந்து தபாலிலோ கூரியரிலோ கிஃப்ட் என்று சொல்லி வரியில்லாமல் எடுக்க வழி கிடையாது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும்தான் விதிவிலக்கு. பெட்டி சுங்கத்தில் மாட்டினால் ஏஜெண்ட் போனை எடுக்க மாட்டார். முன்பணத்தோடு அலைவது நீங்கள். ஜிஎஸ்டி பில் தராத எவரிடமும் டிகோடர் (வண்டிக்குள் வைக்கும் அந்த டிஜிட்டல் சிப்), கன்ட்ரோலர் எதுவும் வாங்காதீர்கள்.

சரி, டாகிளைத் தட்டிக்கொண்டே இருப்பது அலுப்பாக இருந்தால்? அதற்கும் வழி உண்டு, டீசல், நீராவி ரயிலுக்குக் கிடையாத வழி. டிராமுக்கு மேலே கம்பி இருக்கிறது அல்லவா, அதை அலங்காரமாக வைக்காமல் உண்மையிலேயே மின்சாரம் கொடுங்கள். மேல்கம்பி பிளஸ், இரண்டு தண்டவாளமும் சேர்ந்து மைனஸ். இரண்டும் மைனஸ் ஆனபின் எது எதில் போய் முட்டினால் என்ன? எத்தனை லூப் போட்டாலும் ஷார்ட் இல்லை, பிளாஸ்டிக் இணைப்பு வேண்டாம், டாகிளும் வேண்டாம். வண்டி எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் தன் மூக்கு இருக்கும் பக்கமே போகும். கொல்கத்தாவில் 1902-லிருந்து 550 வோல்ட் அளவில் இதே ஏற்பாடுதான். 1895-ல் மெட்ராஸில் டிராம் விட்டவர்கள் முதலில் தெருவுக்கு அடியில் பள்ளம் எடுத்து மின்சாரத்தை வைத்தார்கள். மழைக்காலம் படுத்திய பாட்டுக்குப் பிறகு அவர்களும் மேல்கம்பிக்கே வந்து சேர்ந்தார்கள்.

வண்டிக்குள் செய்யும் மாற்றம் சின்னதுதான். கடையில் வாங்கிய வண்டியில் இடப்பக்கச் சக்கரங்களின் ஒயர் மோட்டாரின் ஒரு முனைக்கும், வலப்பக்க ஒயர் மறுமுனைக்கும் போகும். இரண்டையும் சேர்த்து ஒரே முனையில் பற்றவையுங்கள். விடுபட்ட முனையிலிருந்து கூரை மேல் இருந்து மேல்கம்பியைத் தொடும் டிராலி கம்பத்துக்கு ஒரு மெல்லிய ஒயர். கம்பம் உலோகமாகவும், கம்பியை மேல்நோக்கி மெதுவாக அழுத்தும் ஸ்பிரிங் உள்ளதாகவும் இருக்க வேண்டும். பல வண்டிகளில் பார்வைக்கு ஒரு பிளாஸ்டிக் குச்சிதான் இருக்கும், வாங்கும் முன் கேளுங்கள். மேல்கம்பிக்கு அரை மில்லிமீட்டருக்கு உட்பட்ட பாஸ்பர் பிரான்ஸ் கம்பி நல்லது. தண்டவாளத்திலிருந்து 65 முதல் 70 மில்லிமீட்டர் உயரம். வளைவுகளில் கம்பியைப் பக்கக் கம்பிகளால் இழுத்துப் பிடித்து, தண்டவாளத்தின் நடுக்கோட்டிலிருந்து சற்று உள்வளைவுப் பக்கமாக வையுங்கள், கம்பம் நழுவாது. பற்றவைக்க ரோசின் ஃப்ளக்ஸ் மட்டும். பாத்திரம் பற்றவைக்கும் ஆசிட்டைத் தொட்டீர்களென்றால் சில மாதங்களில் இணைப்பில் பச்சை பூக்கும். வண்டியைப் பின்னோக்கித் தள்ளாதீர்கள், கம்பம் கழன்று குறுக்குக் கம்பியில் மாட்டும்.

எந்த வழியில் போனாலும் ஒன்று செய்யுங்கள். மலிவான 12 வோல்ட் அடாப்டர்கள் பலவற்றில் ஷார்ட்டுக்குப் பாதுகாப்பு பெயருக்குத்தான். உங்களுடையது அணைந்துவிடுகிறது, அந்த மட்டில் நல்லது. ஆனாலும் அடாப்டரிலிருந்து வரும் ஒரு ஒயரை வெட்டி, நடுவே பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட், 10 வாட் பல்ப் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். சாதாரணமாக ஓடும்போது அது எரிவதே தெரியாது. பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். வண்டியைத் தூக்கிப் பாருங்கள். பல்ப் அணைந்தால் கோளாறு வண்டி நின்ற இடத்தில், அணையாவிட்டால் உங்கள் ஒயரில்.